இழப்பு வந்த வீட்டில் பொருள்களை விடுவது: விசுவாசிகளுக்கு ஓர் அரிச்சுவடி

அடக்க ஆராதனைகளில் அடிக்கடி வாசிக்கப்படும் வசனம் யோபு 1:21. “நிர்வாணியாய் என் தாயின் கர்ப்பத்திலிருந்து வந்தேன், நிர்வாணியாய் அவ்விடத்துக்குத் திரும்புவேன், கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்.” கேட்கும்போது ஆறுதலாக இருக்கும். கல்லறைத் தோட்டத்திலிருந்து வீடு திரும்பியதும்தான் கேள்விகள் எழும். கொடியில் அவர் சட்டை தொங்குகிறது. மேசைமேல் பாதி தீர்ந்த மாத்திரை அட்டை கிடக்கிறது. கைப்பேசி சார்ஜ் இறங்கிக்கொண்டிருக்கிறது. பீரோவில் நகையும் பத்திரமும் இருக்கின்றன. இவற்றை என்ன செய்வது, எப்போது செய்வது? எல்லாவற்றையும் விட்டுவிடு என்றுதான் விசுவாசம் சொல்கிறதா?

இதைப் பற்றிச் சபைகளில் விளக்கமாகப் பேசுவது குறைவு. அதனால்தான் ஒரு வீட்டில் எட்டாம் நாளே அலமாரி காலியாகிவிடுகிறது. இன்னொரு வீட்டில் பத்து வருடமாகியும் அறை பூட்டியே கிடக்கிறது. இரண்டு வீட்டிலும் துக்கம் ஆறுவதில்லை.

பொருள் யாருடையது?

கிறிஸ்தவம் இந்தக் கேள்விக்குத் தரும் பதில் மிக எளிது. “பூமியும் அதின் நிறைவும், உலகமும் அதிலுள்ள குடிகளும் கர்த்தருடையது” என்கிறது சங்கீதம் 24:1. தேசம் என்னுடையது, நீங்கள் அதில் பரதேசிகளாகத் தங்கியிருக்கிறீர்கள் என்று லேவியராகமம் 25:23இல் தேவனே சொல்கிறார். அப்படியானால் நம் வேலை உக்கிராணக்காரனின், அதாவது எஜமானின் பொருளைப் பார்த்துக்கொள்ளும் நிர்வாகியின் வேலை. அவனிடம் கேட்கப்படுவது உண்மை ஒன்றுதான் என்கிறார் பவுல் (1 கொரிந்தியர் 4:2). எஜமானுடைய பொருளை அழியாமல் காத்து, சேரவேண்டிய இடத்தில் சேர்த்து, கணக்கு ஒப்புவிப்பதே அந்த உண்மை.

ஒருவர் இறக்கும்போது அவருடைய கணக்கு முடிகிறது. அவர் வைத்திருந்த பொருளின் கணக்கு உங்கள் கைக்கு மாறுகிறது. பொருளை விடுவது என்று நாம் சொல்வது இந்த ஒப்படைப்பைத்தான். தூக்கி எறிவது ஒப்படைப்பு ஆகாது. பூட்டிவைத்துப் பூச்சி அரிக்கவிடுவதும் ஆகாது.

பொருளின்மேல் பாசம் வைப்பதே பாவம் என்று நினைத்துத் தங்களையே வருத்திக்கொள்பவர்கள் உண்டு. அவர்கள் அப்போஸ்தலர் 9ஆம் அதிகாரத்தைப் படிக்க வேண்டும். யோப்பா பட்டணத்தில் தபீத்தாள் இறந்ததும் விதவைகள் பேதுருவைச் சூழ்ந்து நின்று, அவள் உயிரோடிருந்தபோது தைத்துக்கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் காட்டி அழுகிறார்கள். துணியைப் பிடித்துக்கொண்டு அழுகிறீர்களே என்று பேதுரு அவர்களைக் கண்டிக்கவில்லை. சிறையிலிருந்த பவுலும், துரோவாவில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த மேலங்கியையும் புஸ்தகங்களையும் தோற்சுருள்களையும் எடுத்துவரச் சொல்லித் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:13). எல்லாவற்றையும் நஷ்டமென்று எண்ணினேன் என்று எழுதிய அதே பவுல்தான் இவர். குளிருக்கு மேலங்கி வேண்டும் என்று கேட்பதற்கு அவர் வெட்கப்படவில்லை.

அழுகைக்கு உரிய இடம்

யோபு 1:21ஐ மனப்பாடமாகச் சொல்பவர்கள் பலர் 20ஆம் வசனத்தைக் கவனிப்பதில்லை. மந்தையையும் பிள்ளைகளையும் ஒரே நாளில் இழந்த யோபு முதலில் எழுந்து சால்வையைக் கிழிக்கிறார், தலையைச் சிரைக்கிறார், தரையில் விழுந்து பணிகிறார். அதன் பிறகே அந்த வார்த்தைகள் வருகின்றன. அதோடு முடிந்துவிடவும் இல்லை. சிநேகிதர் மூவரும் வந்து ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்த அதிகாரத்தில் யோபு தான் பிறந்த நாளையே சபிக்கிறார். அதன்பின் அதிகாரம் அதிகாரமாகத் தேவனோடு வழக்காடுகிறார். கடைசியில் தேவன் கோபப்படுவது யோபின் மேல் அல்ல; துக்கத்துக்குச் சுலபமான விளக்கம் சொன்ன அந்தச் சிநேகிதர்மேல்தான் (42:7).

மோசேக்காகவும் ஆரோனுக்காகவும் இஸ்ரவேலர் 30 நாள் துக்கம் கொண்டாடினார்கள். லாசருவின் கல்லறையருகே இயேசு கண்ணீர் விட்டார். நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்கவேண்டாம் என்றுதான் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினார். துக்கிக்கவே வேண்டாம் என்று எழுதவில்லை. ஆகவே “அழாதீங்கம்மா, அவர் நல்ல இடத்துக்குத்தானே போயிருக்கார்” என்று சொல்லிக்கொண்டே அலமாரியைத் திறக்கும் உறவினருக்கு வேதத்தில் ஆதாரம் இல்லை.

யோபு கதையின் முடிவும் தவறாகப் பிரசங்கிக்கப்படுகிறது. இழந்ததெல்லாம் இரட்டிப்பாகத் திரும்பும், ஆகவே இப்போது தாராளமாகக் கொடுங்கள் என்பார்கள். எண்களை எடுத்துப் பாருங்கள். 7,000 ஆடுகள் 14,000 ஆயின. 3,000 ஒட்டகங்கள் 6,000 ஆயின. 500 ஏர்மாடுகள் 1,000 ஆயின, 500 கழுதைகளும் 1,000 ஆயின. பிள்ளைகள்? முன்பு ஏழு குமாரரும் மூன்று குமாரத்திகளும். பின்பும் அதே ஏழும் மூன்றும். மந்தையை இரண்டு மடங்காக ஈடுகட்டலாம். இறந்த பிள்ளைக்கு ஈடு கிடையாது. அதை அந்தப் புத்தகமே அறிந்திருக்கிறது.

விட்டுக்கொடு என்று அடுத்தவரைக் கட்டாயப்படுத்தலாமா?

கூடாது. இதைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் துக்க வீட்டில் அதிகத் தீங்கு செய்வது இந்த இடம்தான். தம்பி நிலத்தைக் கேட்பார். கிறிஸ்தவப் பெண் சொத்துக்கு ஆசைப்படலாமா என்று அக்காவிடம் சொல்லப்படும். அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து மௌனமாகக் கசந்துபோவார்.

செலோப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள், தகப்பன் இறந்தபின் எங்களுக்கும் காணியாட்சி (நிலத்தில் பங்கு) வேண்டும் என்று மோசேயின் முன்னும் சபையின் முன்னும் நின்று கேட்டார்கள். அவர்கள் சொல்வது சரி என்று கர்த்தர் தீர்ப்பளித்தார் (எண்ணாகமம் 27). நாபோத் தன் பிதாக்களின் திராட்சத்தோட்டத்தை ராஜாவுக்குக் கொடுக்க மறுத்தார். அதில் நாபோத்தைக் குற்றம் சொல்லும் ஒரு வரிகூட வேதத்தில் இல்லை. நிலத்தை விற்று, பணத்தில் ஒரு பகுதியை மறைத்துவைத்துக்கொண்டு மீதியைச் சபைக்குக் கொண்டுவந்த அனனியாவிடம் பேதுரு கேட்டதும் இதுவே: நிலத்தை விற்குமுன்னே அது உன்னுடையதாயிருக்கவில்லையா? விற்ற பணமும் உன் வசத்தில்தானே இருந்தது? (அப்போஸ்தலர் 5:4). ஆதிச் சபையின் கொடுத்தல் முழுக்க மனமுவந்து செய்யப்பட்டது.

சபைக்குக் கொடுப்பதிலும் இதே கவனம் வேண்டும். விதவையின் இரண்டு காசைப் பாராட்டுவதற்குச் சற்று முன்புதான் விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கும் வேதபாரகரை இயேசு எச்சரிக்கிறார் (மாற்கு 12:40). ஒரு மரணத்துக்குப் பின் முதல் 12 மாதம் நிலம், வீடு, நிரந்தர வைப்புத்தொகை எதையும் எந்த ஊழியத்துக்கும் எழுதிக்கொடுக்காதீர்கள் என்பதே எங்கள் அறிவுரை. உண்மையான மனவிருப்பம் ஒரு வருடம் கழித்தும் அப்படியே இருக்கும். உடனே கொடுத்தால்தான் ஆசீர்வாதம் என்று அவசரப்படுத்துபவரிடமிருந்து விலகியே இருங்கள்.

முதல் ஆறு மணி நேரம்: கண்கள்

முதலில் ஒப்படைக்கக்கூடியது உடலிலேயே இருக்கிறது. இறந்து 6 மணி நேரத்துக்குள் கண்ணின் கருவிழியை எடுத்தால் அது பார்வையிழந்தவருக்குப் பயன்படும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கண் வங்கிக்குச் சொன்னதும் செய்யவேண்டியவை: இமைகளை மூடுங்கள், மேலே ஈரப் பஞ்சு வையுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், தலைக்கு அடியில் தலையணை வைத்துச் சற்று உயர்த்துங்கள். குழு வீட்டுக்கே வரும். 15 முதல் 20 நிமிடத்தில் முடிந்துவிடும். முகம் விகாரமாவதில்லை, பெட்டியைத் திறந்துவைத்து ஆராதனை நடத்தத் தடையும் இல்லை. இறந்தவர் முன்பே உறுதிமொழி எழுதியிருக்காவிட்டாலும் நெருங்கிய உறவினர் சம்மதித்தால் போதும். வயதோ, கண்ணாடி போட்டிருந்ததோ, கண்புரை அறுவை செய்ததோ தடை அல்ல. எய்ட்ஸ், மஞ்சள் காமாலை வகைக் கிருமிகள், வெறிநாய்க்கடி, இரத்தத்தில் பரவிய தொற்று போன்றவை இருந்தால் எடுக்கமாட்டார்கள்.

உயிர்த்தெழுதலில் கண் இல்லாமல் எழும்புவார்களோ என்று பெரியவர்கள் தயங்குவதுண்டு. 1 கொரிந்தியர் 15இல் பவுல் விதையைக் காட்டுகிறார்: விதைக்கப்படுவது அழிவுள்ள உடல், எழும்புவது அழிவில்லாத ஆவிக்குரிய உடல். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் மரணத்துக்குப் பின் உறுப்புகளைக் கொடுப்பதை உயர்ந்த செயலாகவே சொல்கிறது.

முதல் மாதம்: கொடுக்காமல் காப்பது

முதல் 30 நாளில் சமையலறையில் கெட்டுப்போகும் உணவைத் தவிர எதையும் வீட்டைவிட்டு அனுப்பவேண்டாம். இந்த மாதத்தின் வேலை பாதுகாப்பதுதான்.

மரணத்தை 21 நாளுக்குள் பதிவு செய்யுங்கள். அதுவரை கட்டணம் இல்லை. இறப்புச் சான்றிதழ் பல இடங்களில் கேட்கப்படும், பத்துப் பிரதிகளாவது எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். அவருடைய ஏடிஎம் அட்டையின் ரகசிய எண் தெரியும் என்பதற்காகப் பணம் எடுக்கக் கூடாது. பிற்பாடு உடன்பிறந்தோருக்குள் சண்டை மூட்டுவது பெரும்பாலும் இந்தச் சின்ன அவசரம்தான். வங்கியில் நாமினியாகப் பெயர் இருப்பவர் பணத்தை வாரிசுகள் சார்பில் பெற்றுக்கொள்பவர். அதனால் மட்டும் அவர் சொந்தக்காரர் ஆகிவிடமாட்டார்.

கைப்பேசியை அணைத்துப் போட்டுவிடாதீர்கள். ப்ரீபெய்ட் எண்ணை 90 நாள் பயன்படுத்தாமல் விட்டால் இணைப்பைத் துண்டித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். வங்கியின் ஓடிபியும் காப்பீட்டுக் குறுஞ்செய்தியும் அந்த எண்ணுக்குத்தான் வரும். ரீசார்ஜ் செய்து, படங்களையும் குரல் பதிவுகளையும் வேறிடத்தில் இரண்டு பிரதி எடுத்துவையுங்கள். குரலைக் கேட்கவேண்டும் என்ற ஏக்கம் மூன்று மாதம் கழித்தும் வரும், மூன்று வருடம் கழித்தும் வரும்.

கடைசியாக உடுத்தியிருந்த துணிகளில் ஒன்றைத் துவைக்காமல் எடுத்து, காற்றுப் புகாத உறையில் போட்டுவையுங்கள். துவைத்துவிட்டால் அவருடைய வாசம் திரும்ப வராது. பிறகு வேண்டாம் என்று தோன்றினால் அப்போது துவைத்துக்கொள்ளலாம்.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். இறந்தவர் படுத்த பாயையும் கட்டிலையும் உடுப்பையும் தீட்டு என்று சொல்லி அன்றைக்கே எரிப்பதும் வெளியே போடுவதும் கிறிஸ்தவ வீடுகளிலும் நடக்கிறது. தேவன் படைத்ததெல்லாம் நல்லது, ஸ்தோத்திரத்தோடு ஏற்றுக்கொண்டால் ஒன்றும் தள்ளத்தக்கதல்ல என்று 1 தீமோத்தேயு 4:4 சொல்கிறது. சாவு ஒரு கட்டிலைக் கெடுப்பதில்லை. தொற்றுநோய் இருந்திருந்தால் மருத்துவர் சொன்னபடி சுத்தம் செய்யுங்கள். மற்றபடி சோப்பும் வெயிலும் போதும்.

அலமாரியைத் திறக்கும் நாள்

எப்போது தொடங்குவது என்பதற்குக் கட்டளை இல்லை. கத்தோலிக்கர் முப்பதாம் நாள் திருப்பலிக்குப் பிறகு தொடங்குவதுண்டு. சிலர் நவம்பர் 2 கல்லறைத் திருநாளை ஒட்டித் தொடங்குகிறார்கள். தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பங்களுக்கு நினைவு ஆராதனை ஓர் எல்லையாக அமையலாம். துணையை இழந்தவர் “தொடங்கலாம்” என்று தானாகச் சொல்வதே சரியான அடையாளம். அவர் ஊரில் இல்லாத நேரம் பார்த்துச் சுத்தம் செய்துவைப்பது உதவி ஆகாது. அது இரண்டாவது இழப்பு.

ஒரு நாளைக்கு ஓர் அலமாரி அல்லது ஒரு பெட்டி, அதிகம் போனால் இரண்டு மணி நேரம். இரண்டு பேர் வேண்டும். ஒருவர் துக்கத்திலிருப்பவர், மற்றவர் சொத்தில் பங்கு இல்லாத ஒரு நம்பகமானவர்: சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒருவரோ, பக்கத்து வீட்டு அக்காவோ. எளிதானதிலிருந்து தொடங்குங்கள். முதலில் மருந்து, பிறகு காலணி, பிறகு அன்றாட உடுப்பு, பிறகு ஞாயிற்றுக்கிழமை உடுப்பு, புத்தகங்கள், கடைசியில் கடிதமும் படமும். கடிதத்திலிருந்து தொடங்குபவர்கள் முதல் மணி நேரத்திலேயே உடைந்துபோய் நிறுத்திவிடுவார்கள். பிறகு மாதக்கணக்கில் அந்த அறைக்குள் போகமாட்டார்கள்.

நான்கு பெட்டிகள் வையுங்கள். வைத்துக்கொள்வது ஒன்று, பெயர் சொல்லிக் கொடுப்பது ஒன்று, பொதுவாகக் கொடுப்பது ஒன்று. நான்காவது பெட்டிதான் முக்கியம்: இன்னும் தெரியாது. அதன்மேல் தேதி எழுதி, டேப் ஒட்டி, ஆறு மாதம் கழித்துத் திறங்கள். அது இல்லாத வீடுகளில் பிற்பாடு வருந்தும் முடிவுகளும் வரும், அறையே நினைவிடமாகி உறைந்துபோவதும் நடக்கும்.

ஒவ்வொரு முக்கியமான பொருளையும் கையில் எடுக்கும்போது ஒரு சிறு ஜெபம் செய்வது நல்ல வழக்கம். அதற்கு நான்கு வரி போதும். பொருளின் பெயரைச் சொல்லுங்கள். இதை அவருக்குத் தந்ததற்காக நன்றி சொல்லுங்கள். இது இப்போது யாரிடம் சேரவேண்டும் என்று கேளுங்கள். பதில் தெளிவாக வந்தால் அந்தப் பெட்டியில் வையுங்கள், வராவிட்டால் நான்காவதில் வைத்து ஆமென் சொல்லுங்கள். இயேசு சபையை நிறுவிய இக்னாசியார் தம் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில், படைக்கப்பட்ட பொருள்கள் நம்மைத் தேவனிடம் நடத்தும் அளவுக்குப் பயன்படுத்தி, தடுக்கும் அளவுக்கு விலக்கிவிடச் சொல்கிறார். அந்த அளவுகோலை ஒவ்வொரு பொருளிடமும் வைத்துப் பார்க்கலாம். அப்பாவின் கைக்கடிகாரம் உங்களை நன்றியுள்ளவராக்கினால் கட்டிக்கொள்ளுங்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அண்ணன்மேல் கோபம் மூளுகிறது என்றால் அது வேறு கைக்குப் போகவேண்டிய கடிகாரம்.

எலிசாவைப் பாருங்கள். எலியா எடுத்துக்கொள்ளப்பட்டதும் அவர் தன் சொந்த வஸ்திரத்தை இரண்டாகக் கிழித்தார். எலியாவின் சால்வையை எடுத்துக்கொண்டு யோர்தானுக்குப் போய் அதைக்கொண்டு தண்ணீரை அடித்தார். இறந்தவரின் பொருளை வைத்துக்கொள்ளச் சிறந்த வழி அதைப் பயன்படுத்துவதே. தையல்காரரின் கத்திரிக்கோல் இன்னொரு தையல்காரருக்குப் போகட்டும். ஓரங்களில் குறிப்பெழுதிய வேதாகமத்தை மட்டும் பொதுவில் கொடுத்துவிடாதீர்கள்; அதற்கு இரண்டாம் பிரதி கிடையாது. குடும்பத்தில் யார் அதைத் திறந்து வாசிப்பாரோ அவருக்குக் கொடுங்கள்.

பிள்ளைகளை இந்த வேலையிலிருந்து விலக்கவேண்டாம். ஆறு வயதுப் பிள்ளைகூடத் தாத்தாவின் பொருள்களில் ஒன்றைத் தானே தேர்ந்தெடுக்கட்டும். அது பெரியவர்களுக்கு அற்பமாகத் தெரியும் ஒரு டார்ச் லைட்டாக இருந்தாலும் மாற்றச் சொல்லாதீர்கள்.

கொடுப்பதில் என்ன கெடுகிறது

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினம் கரைக்கு லாரி லாரியாகப் பழந்துணி வந்தது. பெரும்பகுதி சாலையோரத்தில் குவியலாகக் கிடந்து மழையில் நனைந்து குப்பையானது. எல்லாம் போன மீனவக் குடும்பங்களுக்கும் மானம் இருந்தது. கிழிந்ததையும் அழுக்கையும் அவர்கள் தொடவில்லை. அனுப்பியவர்கள் நல்ல மனதோடுதான் அனுப்பியிருப்பார்கள். ஆனால் தங்களுக்கு வேண்டாததை அனுப்பினார்கள், அங்கே வேண்டியதை அல்ல.

ஆகவே ஒரே சோதனை: இந்தத் துணியை உடுத்திக்கொண்டு நீங்களே வரும் ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போவீர்களா? போவீர்கள் என்றால் துவைத்து, பொத்தான் தைத்து, இஸ்திரி போட்டு, சேலையோடு பாவாடையும் ரவிக்கையும் சேர்த்துக் கட்டி, அளவு எழுதிக் கொடுங்கள். போகமாட்டீர்கள் என்றால் அது துடைக்கும் துணி. உள்ளாடை எதையும் கொடுக்காதீர்கள்.

மருந்தில் பிரிக்காத அட்டை, காலாவதித் தேதிக்குள் இருந்தால், மருத்துவர் இருக்கும் இலவச மருத்துவமனைக்கு மட்டும். பிரித்த சிரப், சொட்டு மருந்து, குளிர்பதனத்தில் இருந்த இன்சுலின் யாருக்கும் கூடாது. புற்றுநோய் வலிக்குக் கொடுத்த மார்பின் மாத்திரை மீதமிருந்தால் கொடுத்த மையத்திலேயே எண்ணி ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். காது கேட்கும் கருவியை வேறொருவருக்கு ஏற்றபடி நிபுணர் மாற்றியமைக்கலாம், ஆனால் காதுக்குள் பொருந்தும் அச்சு அவரவருக்குப் புதிதாகச் செய்யவேண்டும். பல்செட் யாருக்கும் உதவாது. சக்கர நாற்காலி, வாக்கர், காற்று மெத்தை ஆகியவற்றை ஒருவருக்கே நிரந்தரமாகக் கொடுப்பதைவிடச் சபையில் வைத்து, தேவைப்படும் வீட்டுக்கு இரவல் கொடுத்துத் திரும்பப் பெறுவது நல்லது. பல கத்தோலிக்கப் பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபையார் வீடு வீடாகச் சென்று தேவையறிந்து உதவுகிறார்கள். அவர்களுக்கு எந்த வீட்டில் எது இல்லை என்பது தெரியும்.

கொடுக்கும் நேரத்தில் இறந்தவரின் கதையைச் சொல்லி வாங்குபவரை அழவைக்காதீர்கள். கொடுத்த பின் அதை அவர் உடுத்துகிறாரா, விற்றுவிட்டாரா என்று பார்க்கவும் வேண்டாம். ஒப்படைத்த பொருளுக்கு இனி நாம் உக்கிராணக்காரர் அல்ல.

நகையும் நிலமும்

இங்கே விசுவாசத்தோடு சட்டமும் தெரிந்திருக்கவேண்டும். உயில் இல்லாமல் இறந்த இந்தியக் கிறிஸ்தவரின் சொத்து, 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி பிரியும். மனைவியும் பிள்ளைகளும் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக. மகன், மகள் என்ற வேறுபாடு இல்லை. உதாரணமாக 18 சென்ட் நிலம், மனைவி, மூன்று பிள்ளைகள் என்றால் மனைவிக்கு 6 சென்ட், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் 4 சென்ட். திருவிதாங்கூரில் இப்படி இருக்கவில்லை. 1916ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே மகளுக்கு மகன் பங்கில் கால்பாகம் அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதைத்தான் கொடுத்தது. மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் 1925ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்தும் என்று தீர்ப்பளித்தது.

இந்தச் சட்டத்தில் ஒரு பெரிய இடைவெளி உண்டு. பிள்ளைகள் இருந்தால் இறந்தவரின் தாய்க்குப் பங்கு கிடையாது. அங்கேதான் விசுவாசம் பேசவேண்டும். சிலுவையில் தொங்கியபோதும் இயேசு தம் தாயை ஒரு சீஷனிடம் ஒப்படைத்துவிட்டே உயிர்விட்டார். பாட்டிக்கு மாதாந்தரம் எவ்வளவு, யார் வீட்டில் இருப்பார், மருத்துவச் செலவு யாருடையது என்பதைப் பங்கு பிரிக்கும் அன்றே எழுதிவைப்பது வாரிசுகளின் கடமை. எகிப்தில் வனத்து அந்தோனியார் என்ற துறவி ஏறத்தாழ கி.பி. 270இல், பெற்றோர் இறந்து சில மாதத்தில், பரம்பரை நிலம் 300 அரூரா, ஏறக்குறைய 200 ஏக்கர், அத்தனையையும் ஊராருக்குக் கொடுத்தார். மற்ற பொருளையும் விற்று ஏழைகளுக்குக் கொடுத்தார். ஆனால் தங்கைக்கென்று கொஞ்சம் எடுத்துவைத்தார். அதையும் கொடுக்க முடிவெடுத்தபோது தங்கையை நம்பகமான கன்னியரிடம் ஒப்படைத்துவிட்டே பாலைக்குப் போனார். தன்னை நம்பியிருப்பவருக்கு வழி செய்யாமல் எல்லாவற்றையும் கொடுத்துவிடுவதை அவர் துறவாக எண்ணவில்லை.

நகையை எடை போட்டு, படம் எடுத்து, பட்டியலிட்டு, எல்லா வாரிசுகளும் கையெழுத்திட்ட பின்பே பிரியுங்கள். பணமதிப்பை ஒரு தாளிலும், யாருக்கு எது நெருக்கமானது என்பதை இன்னொரு தாளிலும் எழுதினால் சண்டை பாதியாகக் குறையும். அம்மாவின் சிலுவைத் தாலியும் கல்யாண மோதிரமும் கிராம் கணக்கில் அடங்கமாட்டா. தன் பங்கை ஒருவர் உண்மையிலேயே மற்றவருக்கு விட விரும்பினால் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யவேண்டும். அதற்கு முன் அவர் தனியாக ஒரு வழக்கறிஞரைப் பார்க்கட்டும். மதிப்பு தெரிந்து விடுவதே கொடை.

உயிரோடிருக்கும்போதே உயில் எழுதுவது எல்லாவற்றிலும் நல்லது. நெருங்கிய உறவினர் இருக்கும் கிறிஸ்தவர் தர்ம காரியத்துக்கு உயில் எழுதினால், சாவதற்கு 12 மாதம் முன்பாவது எழுதியிருக்கவேண்டும் என்று முன்பு ஒரு தடை இருந்தது. 2003இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிவிட்டது.

இன்னொரு வகைப் பிடிவாதமும் உண்டு. அம்மாவின் நகையை விற்க மனமில்லாமல் அடகில் வைத்து வட்டி மட்டும் கட்டுவது. ஒரு லட்சத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் என்றால் ஐந்து வருடத்தில் 60,000 ரூபாய் போய்விடும், அசல் அப்படியே நிற்கும். மீட்க வழியில்லை என்று தெரிந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நல்ல விலைக்கு நீங்களே விற்றுக் கடனை முடியுங்கள். ஏலத்துக்குப் போய்விட்டால் கடன் போக மீதியைக் கேட்டு வாங்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

எல்லாம் ஏற்கெனவே போய்விட்டால்

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தூத்துக்குடி மாவட்டத்து வீடுகளில் ஒவ்வொரு பொருளாக யோசித்து விடுவதற்கு நேரமே இருக்கவில்லை. இப்படிப் பறிக்கப்பட்டவர்களிடம் பற்றை விடுங்கள் என்று பிரசங்கிப்பது கொடுமை. அவர்களுக்கு முதலில் வேண்டியது, போனவற்றின் பெயரைச் சொல்லி அழ ஓர் இடம். அறை அறையாக நினைவிலிருந்து பட்டியல் எழுதச் சொல்லுங்கள். நிவாரணத்துக்கும் காப்பீட்டுக்கும் அது உதவும், புலம்பலாகவும் அமையும்.

நனைந்த படங்களை ஒட்டிய நிலையில் பிய்க்கக் கூடாது. சுத்தமான குளிர்ந்த நீரில் ஊறவைத்துப் பிரித்து, சேறு போக மெதுவாக அலசி, படம் மேலே தெரியும்படி நிழலில் பரப்புங்கள். இரண்டு நாளுக்குள் செய்ய முடியாது என்றால் உறையில் போட்டு உறைபெட்டியில் வைத்துவிட்டால் பூஞ்சை பிடிக்காது. நனைந்த வேதாகமத்தை விசிறிபோல விரித்து நிறுத்தி, இடையிடையே உறிஞ்சும் வெள்ளைத்தாள் வைத்து, தாளை மாற்றிக்கொண்டே மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் தாள் சுருண்டு, அட்டை வளைந்துவிடும்.

வாங்கிக்கொள்வதும் இவர்களுக்குப் புதிய பாடம். கொடுத்தே பழகியவருக்குக் கைநீட்டுவது கடினம். யோபுவின் வீட்டுக்குச் சகோதரரும் சகோதரிகளும் அறிமுகமானவர்களும் வந்து, அவரோடு சாப்பிட்டு, ஆளுக்கு ஒரு வெள்ளிக்காசும் ஒரு பொன் ஆபரணமும் கொடுத்தார்கள் (42:11). யோபு வாங்கிக்கொண்டார். பிலிப்பியர் அனுப்பியதைப் பவுலும் வாங்கிக்கொண்டார். எனவே சபைக் கமிட்டியிடம் “ஏதாவது உதவுங்க” என்று சொல்லாமல், 5 லிட்டர் குக்கர் ஒன்று, ஏழாம் வகுப்புச் சீருடை இரண்டு ஜோடி, பாய் நான்கு, கொசுவலை இரண்டு என்று எண்ணிக்கையோடு எழுதிக்கொடுங்கள். கிடைத்ததை அதே தாளில் அடித்துவிடுங்கள். தேவை தீர்ந்ததும் போதும் என்று போதகருக்கோ பங்குத்தந்தைக்கோ சொல்லுங்கள். இன்னும் எவரும் எட்டிப்பார்க்காத தெருவுக்கு அடுத்த வண்டியை அவர்கள் திருப்பிவிடுவார்கள்.